ஒரே இடுப்பில் ரெண்டாவது ஆபரேஷன்... டாக்டர்கள் ஏன் கிருமிக்கு இவ்வளவு பயப்படுகிறார்கள்? ஜான் சார்ன்லியின் கதை

சுங்குடிச் சேலைக்குப் பேர் போன சின்னாளப்பட்டியில், பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்த பாட்டியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. திண்டுக்கல்லோ மதுரையோ கொண்டுபோய், மூட்டை மாற்றி, வாக்கர் பிடித்து நடக்க வைத்துவிடுகிறார்கள். அதுவரை சரி. பத்து, பதினைந்து வருஷம் கழித்து, வைத்த மூட்டு ஆடுகிறது, மறுபடி திறந்து மாற்றணும் என்று டாக்டர் சொல்லும்போதுதான் குடும்பமே கலங்கிப் போகிறது. முதல் தடவை ஒரு பக்கத்தில் முடிந்த ஒப்புதல் படிவம், இந்தத் தடவை நீளமாக இருக்கும். அதில் தொற்று என்ற வார்த்தை முன்னாடியே வந்து நிற்கும்.

ரிவிஷன் என்று டாக்டர்கள் சொல்லும் இந்த மறு ஆபரேஷனில் ஏன் கிருமி பயம் அதிகம்? இதைப் புரிந்துகொள்ள, இந்த ஆபரேஷனையே உலகத்துக்குக் கொடுத்த ஒருவரின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும். அவருடைய முதல் 300 ஆபரேஷன்களில் பெரும்பாலானவை தோற்றுப்போயின. அவரே மறுபடி திறந்தார். கிருமியை விரட்டுவதற்காக ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே ஒரு கண்ணாடிக் கூண்டு கட்டினார். பேர் ஜான் சார்ன்லி.

தறி ஊரில் பிறந்த டாக்டர்

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பெரி என்று ஒரு ஊர். பருத்தி ஆலைகளின் ஊர். நம்ம ஊர் கைத்தறிக்கும் அந்த ஊருக்கும் ஒரு பழைய சொந்தம் உண்டு. கயிற்றை இழுத்தால் நாடா தானாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுகிறதே, அந்த ஏற்பாட்டை 1733-ல் கண்டுபிடித்த ஜான் கே பெரிக்காரர்தான். அதே ஊரில் 1911 ஆகஸ்ட் 29-ம் தேதி பிறந்தவர் சார்ன்லி. அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். அம்மா நர்ஸ் பயிற்சி எடுத்தவர்.

மான்செஸ்டரில் மருத்துவம் படித்து 1935-ல் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷமே அறுவை சிகிச்சைக்கான எஃப்.ஆர்.சி.எஸ். முடித்தபோது வயது 25. கெட்டிக்காரர்தான். ஆனால் அவரை மற்ற டாக்டர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது படிப்பு இல்லை, கை. இரும்பு, மரம், லேத், திருகாணி என்று எதைப் பார்த்தாலும் கழற்றி மாட்டிப் பார்க்கும் ஆள். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து எகிப்துக்குப் போனபோதும், அடிபட்ட சிப்பாய்களின் கால்களுக்கான கருவிகளை ராணுவப் பட்டறையில் இன்ஜினியர்களோடு உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார்.

போர் முடிந்து ஊர் திரும்பி எலும்பு மருத்துவத்தில் இறங்கினார். 1946-ல் ஆஸ்வெஸ்ட்ரி என்ற ஊரின் எலும்பு மருத்துவமனையில் ஆறு மாதம் வேலை. அங்கேதான் இந்தக் கதையின் முதல் கிருமி வருகிறது.

எலும்பை ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைத்தால் எப்படி ஒட்டுகிறது என்று பார்க்க ஆசை. யாரிடம் பரிசோதிப்பது? தன் காலையே நீட்டிவிட்டார். கூட வேலை பார்த்த இளம் டாக்டரைச் சம்மதிக்க வைத்து, தன் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பிலேயே அந்தச் சோதனையைச் செய்யச் சொன்னார். புண் சீழ் பிடித்தது. எலும்புக்குள் தொற்று இறங்கிவிட்டது. மறுபடி ஒரு ஆபரேஷன் செய்துதான் கால் சரியானது. எலும்புக்குள் போன கிருமி எவ்வளவு பிடிவாதமானது என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கிரீச் என்று சத்தம் போட்ட இடுப்பு

1947-ல் மான்செஸ்டரில் சீனியர் டாக்டர் ஆனார். எலும்பு முறிவுகளைக் கத்தி வைக்காமல் சரிசெய்வது பற்றி 1950-ல் அவர் எழுதிய புத்தகம் பல நாடுகளில் பாடப்புத்தகம் போல ஆகிவிட்டது. அப்போதே பெரிய பேர். அதோடு நின்றிருந்தாலும் நல்ல டாக்டர் என்று சொல்லியிருப்பார்கள்.

அந்தக் காலத்தில் இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களுக்குப் பெரிதாக வழி கிடையாது. தொடை எலும்பின் பந்து போன்ற தலையை வெட்டிவிட்டு அக்ரிலிக் பிளாஸ்டிக் பந்து ஒன்றை வைக்கும் முறை பாரிஸிலிருந்து வந்திருந்தது. அப்படி வைத்துக்கொண்ட ஒருவர் சார்ன்லியிடம் வந்தார். வலி பிரச்சினை இல்லை. சாப்பாட்டு மேசையில் கொஞ்சம் குனிந்தாலும் இடுப்பு கிரீச் என்று கத்துகிறது, மனைவி எழுந்து போய்விடுகிறார். இதுதான் அவர் கவலை.

மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். சார்ன்லிக்கு மண்டைக்குள் மணி அடித்தது. சத்தம் வருகிறது என்றால் உராய்வு அதிகம். உராய்வு அதிகம் என்றால் பந்து அசையும்போதெல்லாம் அது எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்தையும் சேர்த்துத் திருகுகிறது. அதனால்தான் எல்லாம் சீக்கிரம் கழன்றுவிடுகிறது. அப்படியானால் வழுவழுப்பான இரண்டு பொருட்கள் வேண்டும், எலும்போடு இறுகப் பிடிக்க ஒரு பசை வேண்டும், திருகும் விசை குறைய பந்து சின்னதாக இருக்க வேண்டும்.

மூன்றையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தார். பசைக்குப் போனது பல் மருத்துவத்துக்கு. பல் செட் செய்யும் அக்ரிலிக் கலவையை எலும்பு சிமென்ட் ஆக்கிக்கொள்ள வழி காட்டியவர், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பொருட்கள் ஆராய்ச்சி செய்த டென்னிஸ் ஸ்மித். பந்துக்கு ஸ்டீல். அதன் அளவு கடைசியில் 22.225 மில்லிமீட்டர் என்று நின்றது. அதாவது சரியாக ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு. அது உட்காரும் கிண்ணத்துக்கு, உலகத்திலேயே வழுக்கலான பிளாஸ்டிக் என்று பேர் வாங்கிய டெஃப்லான். இன்று தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதேதான். அந்தக் கிண்ணங்களைச் சில சமயம் வீட்டிலேயே லேத்தில் அவர் கடைந்தார். 1957-ல் கல்யாணம் ஆன மனைவி ஜில், இந்தப் பட்டறைச் சத்தத்தோடுதான் குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது.

மான்செஸ்டர் பெரிய ஆஸ்பத்திரியின் பரபரப்பு இவருக்கு ஒத்துவரவில்லை. விகன் ஊருக்குப் பக்கத்தில் ரைட்டிங்டன் என்ற இடத்தில் ஒரு காசநோய் மருத்துவமனை இருந்தது. காசநோய்க்கு மருந்து வந்துவிட்டதால் படுக்கைகள் காலியாகிக்கொண்டிருந்தன. அங்கே போய் இடுப்புக்கென்றே ஒரு மையம் தொடங்கினார். ஹாரி கிரேவன் என்ற தொழில்நுட்பக் கலைஞர் கூடச் சேர்ந்தார். பாதி ஆஸ்பத்திரி, பாதி ஒர்க்‌ஷாப்.

முன்னூறு தோல்விகள்

1958-ல் தொடங்கிய டெஃப்லான் இடுப்புகள் முதலில் அற்புதம் செய்தன. வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 300 பேர் அளவுக்கு வைத்தாயிற்று. ஆனால் இரண்டு, மூன்று வருஷத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி வர ஆரம்பித்தார்கள். வலி.

திறந்து பார்த்தால், ஸ்டீல் பந்து டெஃப்லான் கிண்ணத்தைக் குடைந்துகொண்டு உள்ளே போயிருந்தது. தேய்ந்து விழுந்த தூள் சுற்றியிருக்கும் திசுவில் சேர்ந்து கெட்டியான வெள்ளைக் கட்டியாகத் திரண்டிருந்தது. உடம்பு அந்தத் தூளை எதிரியாக நினைத்துப் போராடி, பக்கத்து எலும்பையும் அரித்துவிட்டிருந்தது. பார்த்தால் சீழ் பிடித்த மாதிரி இருக்கும், ஆனால் கிருமி இருக்காது. இந்தக் குழப்பம் இன்றைக்கும் ரிவிஷன் செய்யும் டாக்டர்களை விடவில்லை. மூட்டு ஆடுவதற்குக் காரணம் தேய்மானமா, கிருமியா என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

சார்ன்லி ஒளிந்துகொள்ளவில்லை. தான் வைத்ததைத் தானே எடுக்க வேண்டும் என்று, அந்த மறு ஆபரேஷன்களை ஒன்று விடாமல் தானே சுமந்தார். அதை ஒரு தண்டனை மாதிரியே எடுத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். அதோடு விட்டாரா? டெஃப்லான் தூளைத் தன் தொடையில் ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார்! பக்கத்திலேயே வேறொரு பிளாஸ்டிக்கின் தூளையும் ஏற்றினார். மாதங்கள் கழித்துத் தடவிப் பார்த்தால், டெஃப்லான் போட்ட இடத்தில் கட்டி தட்டுப்பட்டது. மற்றதில் ஒன்றும் இல்லை. 1963-ல் லான்செட் இதழில் அதை எழுதினார். தன் உடம்பைச் சோதனைக்கூடம் ஆக்கியதில் இது இரண்டாவது முறை. இன்றைக்கு எந்த ஆராய்ச்சிக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது.

அந்த வேறொரு பிளாஸ்டிக் கிடைத்த விதம் ஒரு தனிக்கதை. 1962 மே மாதம், இயந்திரப் பாகங்களுக்கான பிளாஸ்டிக் விற்கும் ஒருவர் ரைட்டிங்டனுக்கு ஒரு துண்டைக் கொண்டுவந்தார். அதிக மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கிரேவன் அதைத் தூக்கிப் போடவில்லை. சார்ன்லி வெளிநாடு போயிருந்த நேரத்தில் தேய்மானக் கருவியில் மாட்டி ராத்திரி பகலாக ஓட்டினார். திரும்பி வந்து பார்த்தால், டெஃப்லான் ஒரு நாளில் தேய்ந்த அளவுகூட இது வாரக்கணக்கில் தேயவில்லை. அந்த நவம்பரிலேயே முதல் பாலிஎத்திலீன் கிண்ணம் ஒரு நோயாளியின் இடுப்புக்குள் போனது. இன்று உலகம் முழுக்க வைக்கும் கிண்ணங்களில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள்தான். கிரேவனின் பேர் மட்டும் அவ்வளவாக வெளியே தெரியவில்லை.

இன்னொன்றும் செய்தார். பலன் தெரியும்வரை சில வருஷங்கள் இந்த மூட்டை வெளியே விற்க விடவில்லை. விற்க ஆரம்பித்த பிறகும், ரைட்டிங்டன் வந்து பயிற்சி எடுத்த டாக்டர்களுக்கு மட்டும்தான் தரணும் என்று லீட்ஸ் நகரத்தின் தாக்ரே கம்பெனிக்குக் கட்டுப்பாடு போட்டார். அந்தத் தாக்ரே கம்பெனியை 1990-ல் டெப்யூ வாங்கியது, 1998-ல் டெப்யூவை ஜான்சன் அண்ட் ஜான்சன் வாங்கியது. 2010-ல் அதே டெப்யூவின் ஏஎஸ்ஆர் என்ற உலோக இடுப்பு மூட்டு உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் மட்டும் சுமார் 4,700 பேருக்கு வைத்திருந்தார்கள். ரிவிஷன் என்ற வார்த்தை நம்ம ஊர் பேப்பர்களில் அடிபட்டது அப்போதுதான். அவசரப்பட்டு விற்க வேண்டாம் என்ற மனுஷனின் கம்பெனி கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் இது.

தியேட்டருக்குள் ஒரு கண்ணாடிக் கூண்டு

தேய்மானம் தீர்ந்தது. கிருமி தீரவில்லை.

ஆரம்ப நாட்களில் அவர் செய்த ஆபரேஷன்களில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் ஆழமான தொற்று வந்தது. சாதாரண குடலிறக்க ஆபரேஷனில் புண் சீழ் பிடித்தால் கழுவி, மாத்திரை கொடுத்துச் சமாளிக்கலாம். உள்ளே ஸ்டீலும் சிமென்ட்டும் இருக்கும் இடுப்பில் அது நடக்காது. பெரும்பாலும் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதுதான். நடக்க வந்தவர் நொண்டியாகப் போவார்.

ஏன் நடக்காது? கிருமிக்கு உயிருள்ள திசுவைவிட உலோகமும் பிளாஸ்டிக்கும் வசதியான இடம். அங்கே ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் வெள்ளை அணுக்களும் மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. கிருமிகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொண்டு தங்களைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். குளத்துப் படிக்கட்டுப் பாசி மாதிரி. மேலே தண்ணீர் ஊற்றினால் போகாது, சுரண்டினால்தான் போகும். நம் தோலில் எப்போதும் இருக்கிற, வேறு எங்கேயும் தொந்தரவு செய்யாத ஸ்டாஃபைலோகாக்கஸ் வகைகூட இங்கே வில்லனாகிவிடும். இந்தப் படலத்தைப் பற்றிய அறிவியல் தெளிவானது 1980-களில்தான். சார்ன்லிக்கு அது தெரியாது. ஆனால் ஒருமுறை உள்ளே போனால் வெளியே எடுக்க முடியாது, ஆகவே உள்ளேயே விடக்கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

கிருமி எங்கிருந்து வருகிறது? தியேட்டரில் அங்கங்கே கிருமி வளர்க்கும் தட்டுகளைத் திறந்து வைத்து எண்ணிப் பார்த்தார். ஒவ்வொரு மனிதரின் உடம்பிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத தோல் செதில்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன, அவற்றின் மேல் ஏறிக் கிருமி பறக்கிறது. ஆறேழு பேர் நிற்கும் ஒரு அறையில், ஒன்றரை மணி நேரம் திறந்திருக்கும் புண்ணில் அது வந்து இறங்குகிறது. காற்றுதான் குற்றவாளி என்று முடிவு கட்டினார்.

காற்றை வடிகட்டும் கருவிகள் செய்த ஹோவர்த் நிறுவனத்தோடு சேர்ந்து, தியேட்டரின் நடுவில் ஒரு சின்ன அறையைக் கட்டினார். செடி வளர்க்கும் கண்ணாடி வீடு மாதிரி இருந்ததால் கிண்டலாக அதையே பேராக வைத்துவிட்டார்கள். மேலிருந்து வடிகட்டிய காற்று கீழ்நோக்கி இறங்கும். டாக்டரும் உதவியாளரும் நோயாளியின் உடலும் மட்டும் உள்ளே. நோயாளியின் தலையும் மயக்க மருந்து டாக்டரும் வெளியே. அதுவும் போதவில்லை என்று பிறகு ஒரு உடுப்பு வந்தது. தலை முதல் கால் வரை மூடி, டாக்டரின் மூச்சையும் உடம்புக் காற்றையும் குழாய் வழியாக உறிஞ்சி வெளியே அனுப்பும் உடுப்பு. விண்வெளி வீரர் போல இருக்கும். மற்ற ஆஸ்பத்திரி டாக்டர்கள் சிரித்தார்கள்.

பத்து வருஷத்தில் தொற்று நூறில் ஒருவருக்கும் கீழே வந்தது. 1972-ல் 5,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்களின் கணக்கோடு கட்டுரை வெளியிட்டார். தடுப்பு ஆன்டிபயாடிக்கை வழக்கமாகக் கொடுக்காமலேயே இவ்வளவு குறைந்தது என்பதுதான் அவருடைய வாதத்தின் உயிர்.

இங்கே சார்ன்லியின் பக்கம் முழுசாகச் சாய முடியாது. அந்தப் பத்து வருஷத்தில் அவர் காற்றை மட்டும் மாற்றவில்லை. கையுறை, உடுப்பு, புண்ணைத் தைக்கும் முறை, எல்லாமே மாறின. அவருடைய கையும் பழகியிருந்தது. இதில் எது காப்பாற்றியது? அவருடைய கணக்கில் இதற்குப் பதில் இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் புக்ஹோல்ஸ் என்ற டாக்டர் இன்னொரு பாதையில் போய்க்கொண்டிருந்தார். எலும்பு சிமென்ட்டிலேயே ஜென்டாமைசின் மருந்தைக் கலந்தார். கலவை சில நாட்களுக்கு மருந்தைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். தொற்று வந்த மூட்டை எடுத்துவிட்டு, அதே ஆபரேஷனில் இந்த சிமென்ட் வைத்துப் புது மூட்டைப் பொருத்தியும் காட்டினார்.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் கடைசியில் பெரிய சோதனை ஒன்றை நடத்தியது. 19 மருத்துவமனைகள், 8,000-க்கும் மேற்பட்ட இடுப்பு, முழங்கால் மாற்று ஆபரேஷன்கள். சீட்டுக் குலுக்குவது போல, யாருக்குச் சாதாரண தியேட்டர், யாருக்குச் சுத்தக் காற்று என்று பிரித்தார்கள். சாதாரண தியேட்டரில் 1.5 சதவீதம் பேருக்கு ஆழ்ந்த தொற்று. சுத்தக் காற்றில் 0.6 சதவீதம். அந்த உடுப்பும் சேர்ந்தால் இன்னும் குறைவு. ஆன்டிபயாடிக் கொடுத்தவர்களுக்கும் தனியாகப் பெரிய பலன் இருந்தது. 1982 ஜூலையில் முடிவு வெளியானது. சார்ன்லி சொன்னதும் உண்மை, அவர் ஒதுக்கி வைத்ததும் உண்மை.

சரி, ரிவிஷனில் என்ன கூடுதல் ஆபத்து?

முதல் தடவை மூட்டு மாற்றும்போது ஆழ்ந்த தொற்று இன்று நல்ல மையங்களில் நூறில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறது. ரிவிஷனில் அது பல மடங்கு. காரணங்கள் சார்ன்லி கண்ணால் பார்த்தவைதான். பழைய தழும்புத் திசுவில் ரத்த ஓட்டம் குறைவு. சிமென்ட்டைச் சுரண்டி, எலும்பைச் சேதம் செய்யாமல் பழையதை எடுக்கவே மணிக்கணக்கில் ஆகும், அதுவரை புண் திறந்தே இருக்கும். ரத்த இழப்பு அதிகம். நோயாளிக்கு வயதும் கூடியிருக்கும், சர்க்கரையும் சேர்ந்திருக்கும்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று. முதல் மூட்டு ஆடியதற்குக் காரணமே ஒளிந்திருக்கும் கிருமியாக இருந்து, அதைத் தேய்மானம் என்று தப்பாக நினைத்துவிடுவது. காய்ச்சல் இருக்காது, புண்ணிலிருந்து எதுவும் வடியாது, வலி மட்டும் இருக்கும். அந்த நிலையில் புது மூட்டு வைத்தால் பழைய கிருமிக்குப் புது வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

அதனால்தான் ரிவிஷனுக்கு முன்னாடி இஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகளும், ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்துப் பார்ப்பதும். நீர் எடுப்பதற்கு முன் ஆன்டிபயாடிக்கை நிறுத்தச் சொல்வார்கள். பக்கத்துக் கிளினிக்கில் வலிக்கு என்று போய், கூடவே ஆன்டிபயாடிக்கும் வாங்கிப் போட்டுக்கொண்டால் கிருமி பரிசோதனையில் சிக்காமல் போய்விடும். நிறையப் பேர் தெரியாமல் செய்யும் தப்பு இது. ஆபரேஷனின்போதும் ஒரே இடத்தில் அல்ல, நாலைந்து இடங்களிலிருந்து திசு எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள்.

தொற்று உறுதியானால் வழிகள் மூன்று. சீக்கிரமே கண்டுபிடித்தால் கழுவிவிட்டு மாற்றக்கூடிய பாகங்களை மட்டும் மாற்றுவது. இல்லை என்றால் பழையதை எடுத்து, சுத்தம் செய்து, அதே நேரத்தில் புதுசு வைப்பது. இது புக்ஹோல்ஸ் பாதை. மூன்றாவது, இரண்டு கட்டமாகச் செய்வது. பழையதை எடுத்துவிட்டு மருந்து கலந்த சிமென்ட் துண்டைத் தற்காலிகமாக வைத்து, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்து, கிருமி போனது என்று தெரிந்த பிறகு புது மூட்டு. வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். தறியோ கடையோ விட்டுவிட்டு ஒருவர் மாதக்கணக்கில் கூடவே இருக்க வேண்டும். இரண்டு கட்டம்தான் பாதுகாப்பு என்று நீண்ட காலம் நம்பினார்கள். 2022-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஒரு சோதனையில், இடுப்பைப் பொறுத்தவரை ஒரே கட்டமாகச் செய்தவர்களும் பின்தங்கவில்லை என்று தெரிந்தது. எல்லாருக்கும் அது பொருந்தாது. கிருமி எது, எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்யணும்.

முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சீட்டும், என்ன மூட்டு வைத்தார்கள் என்ற ஸ்டிக்கர் ஒட்டிய தாளும் பீரோவில் இருந்தால் பத்திரமாக எடுத்துக்கொண்டு போங்க. எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று தெரிந்தால் எடுப்பதற்கான கருவிகளைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். ஆபரேஷன் நேரம் குறையும். நேரம் குறைந்தால் கிருமிக்கு வாய்ப்பும் குறையும். பல் சொத்தை, கால் புண், சிறுநீர்த் தொற்று எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லி விடவும். ரத்தம் வழியாகக் கிருமி இடுப்புக்கு வந்து சேர இதெல்லாம் வழி. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் ஆபரேஷன் தேதி கேட்டு டாக்டரை அவசரப்படுத்துவதில் லாபம் இல்லை.

கடைசி வருஷங்கள்

விருதுகள் தாமதமாக வந்தாலும் வரிசையாக வந்தன. 1974-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது, 1975-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1977-ல் சர் பட்டம். எலும்பு டாக்டர்களுக்கு ராயல் சொசைட்டியில் இடம் கிடைப்பது அபூர்வம். 1979-ல் தன் வாழ்நாள் வேலையை ஒரே புத்தகமாக எழுதி முடித்தார். கூட வேலை பார்ப்பது எளிதான ஆள் இல்லை என்று பேர். பொறுமை குறைவு, கோபம் அதிகம், தூக்கிப் போட்ட யோசனையை மறுபடி எடுத்துப் பார்க்கத் தயங்காத குணமும் உண்டு. பிளாஸ்டிக் துண்டு விஷயத்தில் பார்த்ததுதானே.

1982 ஆகஸ்ட் 5-ம் தேதி மாரடைப்பில் இறந்தார். அந்தப் பெரிய சோதனையின் முடிவு வெளியாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வயது 70.

கூண்டு பற்றிய வாக்குவாதம் அவரோடு முடியவில்லை. நியூசிலாந்தின் மூட்டுப் பதிவேட்டை அலசியவர்கள், இன்றைய சுத்தக் காற்று தியேட்டர்களிலும் விண்வெளி உடுப்பிலும் தொற்று குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2011-ல் எழுதினார்கள். 2016-ல் உலக சுகாதார நிறுவனமும், மூட்டு மாற்று ஆபரேஷனுக்காக இந்தக் காற்று அமைப்பைப் புதிதாக வைக்கத் தேவையில்லை என்ற பக்கம் சாய்ந்தது. தடுப்பு ஆன்டிபயாடிக் எல்லாருக்கும் கொடுக்கும் காலத்தில் கணக்கு வேறு. ஆனாலும் பெரிய மூட்டு மையங்கள் பலவற்றில் மேலிருந்து சுத்தக் காற்று இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ரைட்டிங்டனில் இன்னொரு பழக்கமும் வைத்திருந்தார். இடுப்பு மாற்றிய நோயாளிகளிடம், இறந்த பிறகு அந்த மூட்டை ஆஸ்பத்திரிக்குத் திருப்பித் தரச் சம்மதம் கேட்பார். நிறையப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். வருஷங்கள் கழித்து அவர்கள் ஒவ்வொருவராக இறந்தபோது, வைத்த மூட்டுகள் ரைட்டிங்டனுக்குத் திரும்பி வந்தன. கிண்ணம் எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது, சிமென்ட் எலும்பை விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் அளந்து குறித்து வைத்தார்கள்.